கோணவாயன் வயிற்றில் தேத்தண்ணி

ஜீவராணிக்குக் கால் ஓரிடத்தில் தரிக்காது. வாய் அதைவிட மோசம். காலையில் பெரட்டுக்களத்தில் கங்காணி பேர் கூப்பிட்டு முடிப்பதற்குள் மூன்று பேரிடம் மூன்று கதை பேசிவிடுவாள். "ஒனக்கு அந்த வாய்க்குப் பதிலா இன்னும் ரெண்டு கைய குடுத்திருந்தா தோட்டமே முன்னேறியிருக்கும்" என்பார் இராமசாமிக் கங்காணி. சொன்ன கையோடு நாக்கைக் கடித்துக்கொள்வார். அவளுக்கு இருந்த இரண்டு கைகளிலேயே ஒன்றுதான் உருப்படி.

தொண்ணூற்றாறாம் வருஷக் கடைசியில் கொழுந்து லொறியின் பின்கதவு அவள் வலது கைமேல் விழுந்தது. இரத்தினபுரி ஆஸ்பத்திரியில் பதினெட்டு நாள் கிடந்து திரும்பினாள். கை இருந்தது, ஆனால் பெருவிரலும் ஆட்காட்டி விரலும் மடங்கவில்லை. கொழுந்து கிள்ள அந்த இரண்டும்தானே வேண்டும்? மற்ற மூன்றையும் வைத்துக்கொண்டு என்ன, மூக்கையா சொறிவது?

பெல்மதுளைக்கு மேலே இருந்த அந்தத் தோட்டத்தில் நாளுக்குப் பதினாறு கிலோ கொழுந்து எடுத்தால் முழுப்பேர். குறைந்தால் அரைப்பேர், அதாவது பாதி நாள் சம்பளம். அரைப்பேர் தொடர்ந்து விழுந்தால் ஒரு நாள் ஆபீசுக்குக் கூப்பிட்டுப் பேரை வெட்டிவிடுவார்கள். பேர் போனால் வரிசை வீடுகளான லயத்தில் அவள் குடியிருந்த காம்பராவும் போகும். புருஷன்காரன் மாணிக்கக் குழி வேலைக்கென்று போய் அங்கேயே இன்னொருத்தியோடு உலை வைத்துக்கொண்டவன். மகள் டிலானிக்கு நாலு வயசு. ஜீவராணி இடது கையால் எவ்வளவு பறந்து பறந்து கிள்ளினாலும் பன்னிரண்டு கிலோவுக்கு மேல் ஏறவில்லை. அந்த நாலு கிலோவில்தான் அவளுடைய கூரை நின்றது.

கைச்செலவுக்கு இன்னொரு வேலையும் பிடித்தாள். முச்சந்தியில் ஹலீம் நானாவின் பலசரக்குக் கடை. ஞாயிற்றுக்கிழமைப் பின்னேரங்களில் அங்கே போய் உட்கார்ந்து செத்தல் மிளகாய்க்குக் காம்பு கிள்ளுவாள். கடை அலமாரியில் அரிசி மூட்டைகளுக்கு மேலே ஒரு பழைய டீவி இருந்தது. லயத்தில் அப்போது கரண்ட் ஏது? நாலு மணிக்கு அதில் ஒரு இங்கிலீஷ் தொடர் போகும், கீழே சிங்கள எழுத்து ஓடும். ஜீவராணி சிங்களத்தில் வாயைத் திறந்தால் சந்தை மீன்காரனே தோற்றுப்போவான். ஆனால் எழுத்தில் ஒன்றுகூடத் தெரியாது.

"என்னா நானா சொல்றாங்க?" என்று கேட்பாள்.

"பாத்தா வெளங்கும்தானே தங்கச்சி. எனக்கு யாவாரத்தப் பாக்கவா, பேயப் பாக்கவா?" என்பார் ஹலீம்.

பார்த்தாள். ஏதோ ஒரு ஊரில் ஒரு பெரிய ஏரி. அதற்கு அடியிலிருந்து ஒரு ராட்சசப் பிராணி எழும்பும். லயம் நீளத்துக்கு உடம்பு, மடிப்பு மடிப்பாகத் தோல், ஒரு ஆளை நின்றபடியே விழுங்கும் வாய். அந்த வாய்தான் ஜீவராணிக்குப் பிடித்துப்போனது. ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டு நின்றது. உண்மையில் கோணல் வாயில் இல்லை. ஹலீமின் டீவி அவ்வளவு பழசு, படத்தின் மேல்பாதி எப்போதும் வலப்பக்கமாக இழுத்துக்கொண்டிருக்கும். அது அவளுக்கு எப்படித் தெரியும்? அவள் பார்த்த ஒரே டீவி அதுதான். கோணவாயன் என்று அவளே பேர் வைத்தாள்.

மறுநாள் மலையில் அவளால் சும்மா இருக்க முடியவில்லை. பக்கத்து நிரையில் கிள்ளிக்கொண்டிருந்த சுப்பம்மாவிடம் ஆரம்பித்தாள். பத்து நிமிஷத்தில் ஏழெட்டுப் பெண்கள் நிரை மாறி நெருங்கிவிட்டார்கள். கதை சொல்ல ஆரம்பித்தால் ஜீவராணிக்கு இருந்த ஒரு கையும் ஓடாது, ஏரியைக் காட்டவும் வாலைக் காட்டவும் போய்விடும். பத்து மணி நிறுவைக்குக் கூடையைப் பார்த்தாள், அடி மட்டும் மறைந்திருந்தது.

"அய்யய்யோ, போச்சு" என்றாள்.

சுப்பம்மா தன் கூடையிலிருந்து ஒரு பிடி கொழுந்தை அள்ளி அவள் கூடையில் போட்டாள். "இந்தா. அந்த போலீஸ்காரன முழுங்குனானா இல்லியா? அத மொதல்ல சொல்லு."

அப்படித்தான் அந்த வழக்கம் தொடங்கியது. ஆளுக்கு ஒரு பிடி. பத்துப் பேர் நாளுக்கு மூன்று தடவை போட்டால் நாலு கிலோ என்ன, அஞ்சே வரும். இராமசாமிக் கங்காணிக்குத் தெரியும். தெரிந்தும் மீசையைத் தடவிக்கொண்டு வேறு பக்கம் பார்ப்பார். கதை கேட்கிறவர்கள் நிரையை விட்டு அலைவதில்லை, மலை சுத்தமாகக் கிடந்தது, அவருக்கு அது போதும். ஒருநாள் மட்டும் கதையில் கோணவாயன் ஒரு கணக்கப்பிள்ளையைத் தராசோடு சேர்த்து விழுங்க, எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கங்காணிக்கு முகம் சுருங்கிவிட்டது. "ஏன், கங்காணிமாரு அவனுக்கு ருசியில்லியாக்கும்?" என்றார். அடுத்த வாரம் அவரையும் விழுங்கவைத்தாள். மனுஷன் மூன்று நாள் சந்தோஷமாக இருந்தார்.

அந்தத் தொடரில் ஒரு நல்லவனும் இருந்தான். சிவப்புத் தலை, கையில் சுடுவதற்கு ஒரு துவக்கு, சதா ஓட்டம். அவன் பேர் என்ன என்று அவளுக்கும் தெரியாது, வருஷக் கணக்கில் ஒருத்தியும் கேட்கவுமில்லை. கோணவாயனுக்குக் காய்ச்சல் வந்தால் மட்டும் பத்துப் பேரும் கலங்கிப்போனார்கள். ஏன் கலங்கமாட்டார்கள்? மழைக்கு அட்டை கடிக்கிறது, வெயிலுக்குக் குளவி கொட்டுகிறது, பஸ் ஏறினால் செக்பொயின்டில் இறக்கி அடையாள அட்டை கேட்கிறார்கள். பயந்து பயந்தே நாள் போகிறவர்களுக்கு, எதற்கும் பயப்படாத ஒருவன் எங்காவது ஒரு ஏரிக்கடியில் இருக்கிறான் என்பதே ஒரு தெம்பு.

மருதாயி மட்டும் அந்தச் சிரிப்பில் சேரமாட்டாள். அந்த மலையில் அவளைப்போலக் கொழுந்தெடுக்க ஆள் கிடையாது. முப்பது கிலோ சர்வசாதாரணம். அவளுடைய ஒரே மகன் உதயராஜ் கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் தேத்தண்ணி போடுகிற வேலையில் இருந்தான். தொண்ணூற்றேழு தைப்பொங்கல் கழிந்து ஒரு சுற்றிவளைப்பில் ஆமிக்காரர்கள் கடைப் பொடியன்கள் ஆறு பேரை லொறியில் ஏற்றிப் போனார்கள். நாலாம் நாள் ஐந்து பேர் திரும்பினார்கள். உதயராஜ் வரவில்லை. மருதாயி அவன் படத்தை எடுத்துக்கொண்டு ஏறாத போலீஸ் ஸ்டேஷன் இல்லை. "இங்கே அப்படி ஒருவர் இல்லை" என்பதைத் தமிழிலும் சிங்களத்திலும் கேட்டுவிட்டுத் திரும்பி வந்து கூடையை மாட்டினாள். அதற்குப் பிறகு பேச்சைக் குறைத்துக்கொண்டாள்.

ஒரு திங்கட்கிழமை ஜீவராணி வழக்கம்போல் கைகால் ஆட்டி விளக்கிக்கொண்டிருந்தாள். "வாய் கோணல்தானே, மேல்பல்லும் கீழ்ப்பல்லும் ஒண்ணுக்கொண்ணு ஒட்டாது. அதனால அவனுக்கு மெல்லத் தெரியாது. அப்படியே முழுசா முழுங்குவான்."

"அப்ப உள்ளுக்குப் போனவங்க உசிரோட இருப்பாங்களா?"

யார் கேட்டது என்று எல்லாரும் திரும்பினார்கள். மருதாயி கொழுந்திலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டிருந்தாள்.

ஜீவராணி அதை யோசித்ததே இல்லை. "இருப்பாங்க அக்கா" என்றாள். "கடிபடாம போறவங்க ஏன் சாகப் போறாங்க?"

அன்று பின்னேரம் மருதாயி போட்டது ஒரு பிடி இல்லை, இரண்டு கையாலும் அள்ளிப் போட்டாள். அதன் பிறகு தினமும் ஒரு கேள்வி. உள்ளே இருட்டா? தோலில் ஓட்டை இருக்கு, வெளிச்சம் வரும். சாப்பாட்டுக்கு? அரிசி லொறி ஒன்றையும் சேர்த்து விழுங்கியிருக்கிறான். குளிருமா? வயிறுதானே, கதகதப்பாக இருக்கும். ஜீவராணி வாய்க்கு வந்ததைச் சொன்னாள். சொல்லிவிட்டுக் காம்பராவுக்குப் போனால் சோறு இறங்காது. 'பாவம் பண்றோமோ' என்று மனசு அடித்துக்கொள்ளும். எழும்பிப் போய்க் கூட்டின வாசலைத் திரும்பக் கூட்டுவாள்.

ஒருநாள் அவளையும் மீறி வந்துவிட்டது. "உள்ளுக்கு ஒரு பொடியன் இருக்கான். தோள்ல துவாய். வந்தவங்க எல்லாருக்கும் அவன்தான் தேத்தண்ணி போட்டுக் குடுக்கிறது."

மருதாயியின் கை நின்றது. உதயராஜ் என்ற பேரை ஒருத்தியும் எடுக்கவில்லை.

கையிலிருந்த கொழுந்தைக் கூடையில் போட்டுவிட்டு மருதாயி கேட்டாள்: "பாலுக்கு எங்க போவான்?"

"மாட்டையும் முழுங்கியிருக்கானே அக்கா. நல்ல கறவை மாடு."

மருதாயி சிரித்தாள். வரிசைப் பல் முழுக்கத் தெரியச் சிரித்தாள். அதைப் பார்த்து சுப்பம்மா முந்தானையால் மூக்கைச் சிந்தினாள்.

தொண்ணூற்றெட்டில் ஒரு ஞாயிறு கோணவாயனை ஏரிக்கரையில் வைத்து எரித்தார்கள். ஹலீம் நானா தராசுத் தட்டை ஒரு தட்டுத் தட்டி, "அப்பாடா, முடிஞ்சிது சனியன்" என்றார். மிளகாய்க் காம்போடு ஜீவராணி எழும்பிவிட்டாள். மலைப் பாதை முழுக்க ஒரே நினைப்பு. நாளைக்கு என்ன சொல்வது? செத்துப்போனான் என்றால் பிடிக் கொழுந்து நாளையோடு சரி. பேர் போகும், காம்பரா போகும், டிலானியை இழுத்துக்கொண்டு எந்த ரோட்டில் நிற்பது? அது ஒரு பயம். இன்னொன்று அதைவிடப் பெரிசு. நெருப்பு வைத்தார்களே, உள்ளே இருந்தவர்கள்? மருதாயி அக்கா அதைத்தானே முதலில் கேட்பாள்?

திங்கட்கிழமை சொன்னாள்: "கொல்லப் பாத்தாங்க. ஏமாத்திட்டு மலைக்கடியில பூந்துட்டான்."

அதோடு அவனைக் கொல்ல யாராலும் முடியவில்லை. பதினோரு வருஷம் கோணவாயன் ஓடினான். கடலுக்கடியால் போனான், பனிநாட்டில் தூங்கினான், ஒரு தடவை இரத்தினபுரிப் பக்கமாகக் களுகங்கையில் தலை காட்டிவிட்டுப் போனான். "ஹலீம் கடை டீவியில புதுசு புதுசா போடுறாங்க" என்று கூசாமல் சொன்னாள். ஞாயிறு பின்னேரம் அங்கே போகிறவள் அவள் ஒருத்திதானே. இடையில் டிலானி வளர்ந்து பள்ளிக்கூடத்தில் பரீட்சை எழுதும் வயசுக்கு வந்துவிட்டாள். மருதாயிக்குத் தலை முக்கால்வாசி நரைத்தது. "இன்னைக்கு டீ போட்டானா?" என்ற கேள்வி மட்டும் ஒரு நாள் தவறவில்லை.

இரண்டாயிரத்து எட்டில் லயத்துக்குக் கரண்ட் வந்தது. சுப்பம்மாவின் மருமகன் ஒரு கலர் டீவி வாங்கி வைத்தான். கார்த்திகையில் ஒரு ஞாயிறு சுப்பம்மா வாசலில் நின்று கத்தினாள்: "ஜீவா! ஓடியா! ஒன் ஆளு வந்துட்டான்டி!"

அதே தொடரைத் திரும்பப் போட ஆரம்பித்திருந்தார்கள். இந்தத் தடவை சிங்களத்தில் பேசவைத்திருந்தார்கள். படிக்கத் தெரியாவிட்டால் என்ன, கேட்டால் எல்லாருக்கும் விளங்கியது. புது டீவியில் படம் நேராக நின்றது. கோணவாயனின் வாய் கோணவில்லை. மூன்றாம் வாரம் அவன் ஒரு மீன்காரனைப் பிடித்து, கரும்பு கடிக்கிற மாதிரிக் கடித்தான்.

"என்னடி இது?" சுப்பம்மா சிரித்தாள். "மெல்லத் தெரியாதவன்னு சொன்ன! என்னமா அரைக்கிறான் பாரு!"

ஜீவராணி மூலையில் குந்தியிருந்த மருதாயியைப் பார்த்தாள். மருதாயி டீவியைப் பார்த்தபடி, "அது ஒரு பக்கத்துப் பல்லுதான். நல்லாப் பாருங்க" என்றாள். ஜீவராணி எழும்பிவிட்டாள். அங்கே நிற்க முடியாமல் வெளியே வந்து பைப்படிக்கும் வாசலுக்குமாக நடந்தாள். ஞாயிறுக்கு ஞாயிறு அதே நடைதான். இருபத்தாறு வாரத்தில் முடியும் என்று அவளுக்கு மட்டுமே தெரியும்.

மலையில் பிடிக் கொழுந்து தேய ஆரம்பித்தது. கதையைத்தான் சுப்பம்மா வீட்டிலேயே பார்த்துவிடுகிறார்களே. பத்துப் பிடி ஆறாகி, மூன்றாகி, கடைசியில் மருதாயியின் பிடி மட்டும் மிஞ்சியது. வைகாசியில் மட்டும் ஏழு அரைப்பேர் விழுந்துவிட்டது. இராமசாமிக் கங்காணி காதோடு சொன்னார்: "இன்னும் ஒண்ணு விழுந்தா புது தொரை ஆபீசுக்குக் கூப்பிடச் சொல்லியிருக்காரு புள்ள. பாத்துக்க."

அந்த வாரம்தான் பஜாரில் பட்டாசு வெடித்தது. "யுத்தய இவராய்", யுத்தம் முடிந்தது என்று முச்சந்தியில் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள், பஸ்ஸை மறித்துப் பாற்சோறு கொடுத்தார்கள். மருதாயி காம்பராவைச் சாணி போட்டு மெழுகினாள். "முடிஞ்சிருச்சில்ல, இனி உள்ள புடிச்சி வச்சவங்கள எல்லாம் விட்ருவாங்க" என்று யார் கேட்டாலும் சொன்னாள். புதுத் துவாய் ஒன்றும் வாங்கி மடித்து வைத்திருந்தாள்.

அடுத்த ஞாயிறு கடைசி வாரம். சுப்பம்மாவின் காம்பராவில் நிற்க இடமில்லை. கோணவாயன் ஏரிக்கரையில் விழுந்தான், நெருப்பு வைத்தார்கள், வயிறு வெடித்தது. சிவப்புத் தலைக்காரன் கிட்டப் போய்ப் பார்த்து, உள்ளே ஒன்றுமே இல்லை என்று சிங்களத்தில் தெளிவாகச் சொன்னான். பிள்ளைகள் கைதட்டினார்கள். ஜீவராணி மூலையைப் பார்த்தாள். மருதாயி எழும்பிப் போயிருந்தாள்.

திங்கட்கிழமை விடிந்தும் விடியாமல் பெரட்டு. ஜீவராணி யார் முகத்தையும் பார்க்கவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக வாயைத் திறக்காமல் மலைக்கு ஏறினாள்.

நிரையில் இறங்கியதும் சுப்பம்மா ஆரம்பித்தாள். "யம்மாடி, என்னா புளுகு! பதினோரு வருசம் எங்க காதுல பூ சுத்தியிருக்கியே! என் கொழுந்து ஒரு மலையளவு ஒன் கூடையிலதான் போயிருக்கும்." கோபம் பாதி, கேலி பாதி. மற்றவர்கள் சிரித்தார்கள். ஜீவராணி குனிந்து கிள்ளினாள். மருதாயி இரண்டு நிரை தள்ளி நின்றாள். அவளிடம் போய், "அக்கா, நான் சொன்னது எல்லாம் பொய்" என்று சொல்லிவிட வேண்டும்போல் இருந்தது. சொன்னால் அதற்குப் பிறகு அவளுக்கு என்ன இருக்கிறது? சொல்லாமல் இருந்தால் தன்னை என்னவென்று நினைப்பது? காலை ஊன்ற முடியாமல் நிரையிலேயே முன்னும் பின்னும் நடந்தாள். கூடையில் மூன்று கிலோ தேறுமா என்பதே சந்தேகம். நிறுவைக்கு அரைமணி நேரம்தான் இருந்தது.

"அது அவன் இல்ல" என்று ஒரு குரல் வந்தது.

மருதாயிதான். கண் கொழுந்தில் இருந்தது.

"டீவியில வந்தது வேற ஒண்ணு. வாயப் பாத்தீங்கல்ல, நேரா இருந்துச்சு. நம்ம கோணவாயன் அதுக்கு முந்தியே ஏரிக்கடியில எறங்கிட்டான். நெருப்பு வக்கிறப்ப உள்ள உள்ளவங்களுக்கு ஒரு சத்தம் மாதிரி கேட்டுச்சு. அவ்வளவுதான். பயந்த புள்ளைங்களுக்கு அவன் சொன்னான், ஒண்ணுமில்ல, வெளிய பட்டாசு போடுறாங்க, குந்துங்க, தேத்தண்ணி போடுறேன்னு."

ஒருத்தியும் சிரிக்கவில்லை. முப்பது கிலோ எடுக்கிற அந்த இரண்டு கையும் ஓடாமல் செடிமேல் அப்படியே கிடந்தன. மருதாயி எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தாள், அதற்கு மேல் சொல்ல அவளுக்கு வரவில்லை.

ஜீவராணி தன் கூடையைப் பார்த்தாள். அதில் கிடந்ததில் ஒரு பிடியை அள்ளினாள். இரண்டு நிரை தாண்டிப் போய் மருதாயியின் கூடையில் போட்டாள்.

"பால் இருக்கா அக்கா அவன்கிட்ட?" என்று கேட்டாள்.

மருதாயி முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "இருக்கு புள்ள" என்றாள். "அந்த மாடு இன்னும் கறக்குதுல்ல."